‘சீன டப்பா’ என்கிறார்கள்: கோமெட் மின்காரை வாங்கலாமா?

சென்னைக்குள் ஓட்டுவதற்காக எம்.ஜி. கோமெட் வாங்க நினைப்பதாகவும், வீட்டில் அதைச் ‘சீன டப்பா’ என்று கேலி செய்வதாகவும் எழுதி, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த டப்பாவைத்தான் மேற்கு மாம்பலத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதால் இந்தப் பதில். விளம்பரத்துக்குக் காசு வாங்கிவிட்டான் என்று பின்னூட்டமிட வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மாதத் தவணை இன்னும் என் கணக்கிலிருந்துதான் போகிறது.

சீனத் தொடர்பை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. எம்.ஜி. பழைய பிரிட்டிஷ் பெயர். அதன் உரிமை இன்று ஷாங்காயின் எஸ்.ஏ.ஐ.சி. நிறுவனத்திடம் இருக்கிறது. அந்நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் பங்குதாரர்களாக உள்ள, லியூசோ நகரத்து வூலிங் கூட்டு நிறுவனம், 2020-இல் ஹோங்குவாங் மினி என்ற பெட்டி வடிவ மின்காரை 28,800 யுவான் தொடக்க விலையில் இறக்கியது. 2021-இல் சீனாவில் மிக அதிகமாக விற்ற மின்கார் அதுதான். அதே குடும்பத்தில் பிறந்த ஏர் இவி என்ற மின்கார் 2022-இல் இந்தோனேசியாவுக்குப் போனது. அது சில மாற்றங்களோடு 2023-இல் இங்கே கோமெட்டாகி, முன்பு ஜெனரல் மோட்டார்ஸிடம் இருந்த குஜராத் ஹலோல் ஆலையில் தயாராகிறது. கேலி செய்யும் உறவினர்களிடம் அவர்களுடைய கைப்பேசி எந்த நாட்டு நிறுவனத்தினுடையது என்று நான் கேட்பதில்லை. கேட்டால் பேச்சு வளரும்.

வண்டியின் நீளம் 2,974 மில்லிமீட்டர், அதாவது மூன்று மீட்டருக்கும் குறைவு. எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே இதை நிறுத்திய பிறகும் பக்கத்து வீட்டு ஸ்கூட்டருக்கு இடம் மிஞ்சுகிறது. ஆரியகவுடா சாலையில் மாலை வேளையில் காய்கறி வண்டிகளும் ஆட்டோக்களும் அடைத்து நிற்கும்போது, பெரிய கார்க்காரர்கள் முன்னும் பின்னும் எடுத்துத் திண்டாடும் இடத்தில், 4.2 மீட்டர் திருப்பு ஆரம் என்ன பலன் தருகிறது என்பதை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

குறைகளும் உண்டு. இரண்டே கதவுகள் என்பதால் பின்னிருக்கைக்குப் போக முன்னிருக்கையை மடக்க வேண்டும். மூட்டுவலிக்காரரான என் தாயார் முன்னால்தான் உட்காருவார். நான்கு பேர் ஏறிவிட்டால் அரிசி மூட்டைக்கு இடமில்லை. சக்கரங்கள் 12 அங்குலமே என்பதால் ஒவ்வொரு பள்ளமும் முதுகுக்குத் தெரியும். உபரிச் சக்கரமும் கிடையாது. 17.3 கிலோவாட்-மணி மின்கலத்தை ஒருமுறை முழுதாக ஏற்றினால் ஓடும் என்று நிறுவனம் சொல்லும் 230 கிலோமீட்டரை நம்பிப் பயணம் போட வேண்டாம். ஏசியோடு ஊருக்குள் ஓட்டுபவர் அதில் நன்றாகக் குறைத்தே கணக்கு வைக்க வேண்டும். வழியிலுள்ள மின்னேற்று நிலையங்களில் சீக்கிரம் ஏற்றிக்கொள்ள உதவும் டி.சி. விரைவு மின்னேற்றம் இல்லாததால் திருச்சி, மதுரை ஆசை இருந்தால் வேறு வண்டி பாருங்கள்.

ஆனால் என்னை உண்மையில் அலைக்கழித்தது எங்கள் குடியிருப்போர் சங்கம். என் சொந்த மீட்டரிலிருந்து தனிக் கம்பி இழுத்து, கோளாறு வந்தால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் தனி டிரிப்பர் வைத்து, வண்டி நிற்கும் இடத்தில் ஒரு 15 ஆம்பியர் பிளக் போட அனுமதி கேட்டேன், அவ்வளவுதான். தீப்பிடிக்கும் என்றார் ஒருவர், பொது மின்சாரம் திருடுபோகும் என்றார் இன்னொருவர், பொதுக்குழுவில் வைக்கலாம் என்று தள்ளிப்போட்டார் செயலாளர். அவருடைய டீசல் வண்டி இரண்டு கார்களுக்கான இடத்தை அடைத்து நிற்பது எந்தப் பொதுக்குழுவுக்கும் வந்ததில்லை. வீட்டில் இருக்கும் மின்னிணைப்பைக் கொண்டே வண்டிக்கு மின்னேற்றிக்கொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிமுறைகள் சொல்வதை அச்சிட்டு நீட்டிய பிறகே கையெழுத்துக் கிடைத்தது. எல்லாச் சங்கங்களும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை.

ஆகவே, தினமும் ஊருக்குள் போய் வரவும் வீட்டில் இரவு ஏழு மணி நேரம் மின்னேற்றவும் வசதி இருந்தால் தாராளமாக வாங்குங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன், உங்கள் மீட்டர் பலகைக்கும் வண்டி நிற்கப்போகும் இடத்துக்கும் எத்தனை மீட்டர் கம்பி தேவைப்படும் என்று அளந்து, சங்கத்தின் அனுமதியையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.