பாஸ்டனில் அச்சான அல்பேனியா

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிறிய மொழிகளின் பத்திரிகைகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், பாஸ்டனிலிருந்து வெளிவந்த அல்பேனியப் பத்திரிகைகளை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்திருந்தீர்கள். 'நாடு அமைவதற்கு முன்பே அதற்குப் பத்திரிகை நடத்தியவர்கள்' என்பது அந்த வரி. நான் பாஸ்டனில்தான் வசிக்கிறேன். தென் பாஸ்டனில் இருக்கும் அல்பேனிய ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்தைப் பலமுறை கடந்து போயிருக்கிறேன். அதன் தொடக்கத்தில் ஒரு பத்திரிகைக்கும் பங்குண்டு என்பதை உங்கள் கட்டுரைக்குப் பிறகு தேடிப் படித்தபோதுதான் அறிந்தேன்.

என் ஐயம் இது. பிழைக்கப் போன நாட்டில், கைது செய்ய ஆளில்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு தேசத்துக்காகத் தலையங்கம் எழுதுவதைப் பற்று என்று எந்த அளவுக்குச் சொல்லலாம்? இவர்கள் தங்களுக்குள் சண்டையிட்டுக்கொண்டதையும் படித்தேன். தேசத்தின் பெயரால் தங்களை முன்னிறுத்திக்கொண்டவர்களாகவும் அவர்கள் இருந்திருக்கலாம் அல்லவா?

அன்புடன்,
கே., பாஸ்டன்

*

அன்புள்ள கே.,

உங்கள் ஐயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்பதற்குப் போகுமுன், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். அல்பேனியப் பத்திரிகையாசிரியர் என்றதும் ஃபைக் கொனிட்சாவையோ ஃபான் நோலியையோ நினைப்பதே வழக்கம். இருவரும் பெரிய எழுத்தாளர்கள் என்பதால் அது இயல்புதான். ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு உதவுகிறவர் மூன்றாமவர், சோதிர் பெட்சி.

பெட்சி 1873-ல் தென்கிழக்கு அல்பேனியாவின் கொர்ச்சா நகரை அடுத்த தார்தா என்ற மலைக்கிராமத்தில் பிறந்தவர். ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் கணிதமும் படித்தார். 1905-ல் அமெரிக்காவுக்கு வந்து, மறு ஆண்டே பாஸ்டனில் 'கோம்பி' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். கோம்பி என்றால் தேசம். அமெரிக்காவில் வெளிவந்த முதல் அல்பேனியப் பத்திரிகை அது. இயற்பியல் படித்த ஒருவர், வந்த மறு ஆண்டே, படிக்கத் தெரிந்தவர்களே அரிதாக இருந்த ஒரு கூட்டத்துக்குப் பத்திரிகை தொடங்குகிறார் என்றால் அதில் கணக்குப் பார்க்கும் புத்தி வேலை செய்யவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் கூட்டம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். மாசசூசெட்ஸின் காலணி ஆலைகளையும் நெசவாலைகளையும் தேடி வந்த அல்பேனியர்களில் பெரும்பாலோர் கொர்ச்சா வட்டாரத்தின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டுத் தனியாக வந்த ஆண்கள். சில ஆண்டுகள் உழைத்து, பணம் சேர்த்து, திரும்பிப் போய் நிலம் வாங்கிவிட வேண்டும் என்பதே எண்ணம். இப்படிப் பிழைப்புக்காகப் பரதேசம் போவதற்கு அவர்கள் மொழியில் 'குர்பெத்' என்று பெயர். ஆலைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டைப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வாடகைக்குப் பிடித்து, பொதுவில் சமைத்துச் சாப்பிட்டார்கள். அந்த வீட்டைக் 'கொனாக்' என்றார்கள். பத்திரிகை அங்கேதான் வந்து சேர்ந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். வேலை முடிந்து வந்தவர்கள் சுற்றி உட்கார, அவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். தாங்கள் அன்றாடம் பேசும் பேச்சு காகிதத்தில் ஏறி நிற்பதை அவர்களில் பலர் பார்த்தது அதுவே முதல் முறையாக இருந்திருக்கும்.

ஏன் முதல் முறை என்றால், ஊரில் அதற்கு வழியே இல்லை. அல்பேனியாவை அப்போது ஆண்ட ஒட்டோமான் அரசு தன் குடிகளை மதத்தைக் கொண்டு வகுத்தது. முஸ்லிம் அல்பேனியன் துருக்கியனாகவும் ஆர்த்தடாக்ஸ் அல்பேனியன் கிரேக்கனாகவும் எண்ணப்பட்டார்கள். ஆர்த்தடாக்ஸ் பிள்ளைக்குப் பள்ளியும் கோவிலும் கிரேக்க மொழியில். கொர்ச்சாவில் 1887-ல் திறந்த அல்பேனியப் பள்ளியும் 1902-ல் மூடப்பட்டது. வழிபாட்டை அல்பேனிய மொழியில் நடத்திய பாப்பா கிரிஸ்தோ நெகோவானி என்ற குரு 1905-ல் கொல்லப்பட்டார். ஆகவே கப்பலிலிருந்து இறங்கியவனிடம் நீ யார் என்று கேட்டால் 'கிரேக்கன்' என்றோ 'கிறிஸ்தவன்' என்றோ, பிறந்த கிராமத்தின் பெயரையோதான் சொல்லியிருப்பான். பெட்சி தன் பத்திரிகைக்குத் தேசம் என்று பெயர் வைத்தபோது, அந்தச் சொல் தங்களைக் குறிக்கிறது என்பதை வாசகர்களுக்கு எடுத்துச் சொல்வதே முதல் வேலையாக இருந்தது. ஆட்சியாளரைத் திட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு.

இப்போது உங்கள் நியாயமான பாதிக்கு வருகிறேன். பாஸ்டனில் பெட்சியைக் கைது செய்ய யாரும் வரவில்லை என்பது உண்மை. ஆனால் சுல்தான் அப்துல் ஹமீதின் ஆட்சியில் அல்பேனிய மொழிப் பத்திரிகையைக் கையில் வைத்திருப்பதே சிறைக்குக் கொண்டுபோகும் குற்றம். அச்சிட்டவருக்கு வராத ஆபத்து பத்திரிகையோடு சேர்ந்து தபாலில் போய், அதைப் பிரித்துப் படித்தவரின் வீட்டுக் கதவைத் தட்டியது. ஒட்டோமான் நகரங்களில் ஆஸ்திரியா நடத்திய தபால் நிலையங்கள் வழியாகச் சில பிரதிகள் உள்ளே போயின. மற்றவை வணிகரின் சரக்குப் பொதிகளுக்குள் ஒளிந்து போயின. பத்திரிகையை நடத்தியவரின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அதை வைக்கோலுக்கடியில் ஒளித்துவைத்துப் படித்தவரின் பெயர் எங்கும் இல்லை. தியாகம் என்று ஒன்றை அளப்பதானால் தராசு அந்தப் பக்கம்தான் சாயும். இதில் நான் உங்களோடு நிற்கிறேன்.

ஆனால் பாஸ்டன் பாதுகாப்பான ஊர் என்பதை அப்படியே ஏற்பதற்கில்லை. 1907-ல் மாசசூசெட்ஸின் ஹட்சன் என்ற ஆலையூரில் கிறிஸ்தாக் திஷ்னிட்சா என்ற அல்பேனிய இளைஞர் இறந்துபோனார். அல்பேனிய தேசியவாதி என்பதால் அவருக்கு ஈமச்சடங்கு செய்ய கிரேக்க ஆர்த்தடாக்ஸ் குரு மறுத்துவிட்டார். குருவின் மந்திரமில்லாமல் அடக்கம் நடந்தது. ஆர்த்தடாக்ஸ் நம்பிக்கையில் வளர்ந்தவர்களுக்கு அது சிறையைவிடச் சிறிய தண்டனையா என்று யோசித்துப் பாருங்கள். சுல்தானின் காவலர் கடல்தாண்டி வரவில்லை. ஆனால் ஊரிலிருந்த திருச்சபையின் அதிகாரம் அவர்களுக்கு முன்பே கப்பலேறி வந்து ஹட்சனில் உட்கார்ந்திருந்தது.

நீங்கள் கடந்து போகும் தேவாலயத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது. ஃபான் நோலி 1906-ல் அமெரிக்கா வந்தவர். அதற்கு முன் நாடகக் குழுவொன்றில் பக்கத்திரை மறைவில் நின்று நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தார்; எகிப்தில் கிரேக்கம் கற்பித்தார். அமெரிக்காவில் முதலில் பஃபலோவில் ஒரு மர அறுவை ஆலையில் வேலை. பிறகு பாஸ்டனுக்கு வந்து 'கோம்பி'யில் பெட்சிக்குத் துணையாசிரியர் ஆனார். ஹட்சன் நிகழ்ச்சிக்குப் பிறகு பாஸ்டன் வட்டாரத்து அல்பேனியர்கள் கூடி, நமக்கென்று ஒரு குருவை நாமே ஏற்படுத்திக்கொள்வோம் என்று முடிவெடுத்து, இந்த இருபத்தாறு வயதுப் பத்திரிகைக்காரரைத் தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்காவிலிருந்த ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் பேராயர் பிளாட்டன் 1908 மார்ச் 8 அன்று நியூயார்க்கில் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து, மார்ச் 22 அன்று, பாஸ்டனில் ஒரு வாடகை மண்டபத்தில் நோலி அல்பேனிய மொழியில் வழிபாட்டை நடத்தினார். மறு ஆண்டு பிப்ரவரி 15 அன்று 'தியெல்லி' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். தியெல்லி என்றால் சூரியன். அந்தப் பத்திரிகை இன்றும் வெளிவருகிறது.

ஒரு செய்தியை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? நோலி பிறந்தது அல்பேனியாவில் இல்லை. இன்றைய துருக்கியின் ஐரோப்பியப் பகுதியான கிழக்குத் திரேசில், எதிர்னே நகரை அடுத்த, அல்பேனியர் குடியேறிய ஒரு கிராமத்தில் பிறந்தார். அல்பேனியாவில் அவர் முதன்முதலாகக் காலடி வைத்தது 1913-ல்தான். வ்லோராவில் 1912 நவம்பர் 28 அன்று விடுதலை அறிவிக்கப்பட்டு மாதங்கள் கழிந்த பிறகு. அதாவது 'கோம்பி'யில் எழுதியபோதும், 'தியெல்லி'யைத் தொடங்கியபோதும், அந்த நாட்டின் ஒரு தெருவைக்கூட அவர் கண்ணால் கண்டதில்லை. தொலைவில் இருந்தார்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. நோலிக்கு அருகே இருந்த அல்பேனியா ஹட்சனிலும் வூஸ்டரிலும் கொனாக்குகளில் இருந்த ஆட்கள்தான். அவர் அவர்களை விட்டுத் தொலைவில் இல்லை.

கொனிட்சாவின் கதை வேறு. அவரைப் பற்றி எழுதும்போது என் கை சற்றுத் தயங்குகிறது. ஏனெனில் உரைநடைக்காரர் என்ற வகையில் மற்ற இருவரையும்விட அவரே மேலானவர் என்று கருதப்படுகிறவர். பிரபு குடும்பத்தில் பிறந்து பிரான்சில் படித்தவர். 1897-ல் பிரஸ்ஸல்ஸில் 'அல்பேனியா' இதழைத் தொடங்கி, பிறகு லண்டனுக்குக் கொண்டுபோய், 1909 வரை நடத்தினார். அந்த இதழுக்கு ஆஸ்திரியா-ஹங்கேரி அரசின் மானியம் கிடைத்தது. லண்டனில் அவர் வீட்டில் தங்கியிருந்த பிரெஞ்சுக் கவிஞர் அப்பொலினேர், நண்பர் ஒவ்வொரு வரியையும் செதுக்கிச் செதுக்கி எழுதியதால் இதழ்கள் ஆண்டுக்கணக்கில் பிந்தியே வந்தன என்று பரிவோடு எழுதியிருக்கிறார். ஓர் இலக்கிய இதழுக்கு அந்தத் தாமதம் அழகு. ஆலையிலிருந்து வந்து காத்திருக்கும் பதினைந்து பேருக்கு அது பசி. தொழிலாளிகளின் சந்தாவில் நடந்த பத்திரிகைக்கும் வியன்னாவின் பணத்தில் நடந்த இதழுக்கும் உள்ள வேறுபாட்டை நான் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறேன். கொனிட்சா அந்தப் பணத்துக்காகத் தன் கருத்தை விற்றார் என்று இதற்குப் பொருள் இல்லை. இதழ் வராவிட்டால் வாசலில் வந்து நின்று கேட்கும் வாசகர் அவருக்கு இல்லை என்பதுதான் பொருள். 1909-ல் பாஸ்டனுக்கு வந்து 'தியெல்லி'யின் ஆசிரியப் பொறுப்பேற்றபோது அத்தகைய வாசகர்கள் அவருக்கும் கிடைத்தார்கள். 1912-ல் அமெரிக்க அல்பேனியரின் 'வாத்ரா' கூட்டமைப்பு உருவானபோது நோலியும் அவரும் சேர்ந்தே நின்றார்கள். வாத்ரா என்றால் வீட்டின் அடுப்பங்கணப்பு.

பெட்சியை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம் மனாஸ்திர் மாநாடு. 1908 நவம்பரில், சுல்தானின் தனியாட்சிக்கு எதிரான இளந்துருக்கியர் புரட்சி அல்பேனிய மொழியின் மேலிருந்த தடையைத் தளர்த்திய சில மாதங்களில், இன்று வட மக்கதோனியாவில் இருக்கும் அந்த நகரில் அல்பேனிய எழுத்துமுறையை முடிவு செய்யக் கூடினார்கள். அதுவரை கிரேக்க எழுத்திலும், அரபு எழுத்திலும், லத்தீன் எழுத்தின் பல வடிவங்களிலும் அவரவர் மனம்போல எழுதிவந்தார்கள். அமெரிக்க அல்பேனியரின் சார்பில் பெட்சி போனார். எழுத்தை முடிவு செய்த பதினொருவர் குழுவிலும் இடம்பெற்றார். ஏற்கெனவே பரவியிருந்த இஸ்தான்புல் எழுத்து ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்ற கொள்கை உடையது, கேட்க அழகானது. ஆனால் அதற்கென்று தனியாக வார்த்த எழுத்துகள் இல்லாமல் அச்சுக்கோக்க முடியாது, தந்தியும் அனுப்ப முடியாது. ஆகவே குழு அதை விலக்காமல், பக்கத்தில் இன்னொரு முறையையும் வைத்தது. அது முழுக்க லத்தீன் எழுத்து. வேண்டிய கூடுதல் ஒலிகளுக்கு இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதிக்கொள்ளலாம். மிஞ்சுவன வால் வைத்த சி-யும் தலையில் இரு புள்ளி வைத்த ஈ-யும் மட்டுமே. இந்த இரண்டும் எந்தப் பிரெஞ்சு அச்சகத்தின் எழுத்துப் பெட்டியிலும் கிடைக்கும். நாளடைவில் இஸ்தான்புல் எழுத்து மறைந்து இதுவே நிலைத்தது. அந்நிய ஊரில் அந்நியனின் எழுத்துப் பெட்டியை வைத்துக்கொண்டு தன் மொழியை அச்சுக்கோத்துப் பார்த்தவருக்கு, இந்த ஏற்பாட்டின் அருமையை யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு பெட்சி பாஸ்டனுக்குத் திரும்பிவந்து பத்திரிகையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. 1909-ல் எல்பசானில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறந்தபோது அங்கே கற்பிக்கப் போனார். 'கோம்பி'யின் இடத்தை 'தியெல்லி' எடுத்துக்கொண்டது. அவரைப் பற்றிய உங்கள் கேள்விக்கு, தன்னை முன்னிறுத்திக்கொண்டாரா என்பதற்கு, என் பதில் இதுதான். பத்திரிகையின் மேல் உடைமையுணர்வு கொண்டவர் அதைச் செய்திருக்கமாட்டார்.

சண்டைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1924-ல் நோலி பிரதமரானபோது, மன்னரின் இடத்தில் இருந்த ஆட்சிக் குழுவில் பெட்சி உறுப்பினர். 'கோம்பி'யின் ஆசிரியரும் துணையாசிரியரும் ஒரு நாட்டின் உச்சியில் ஆறு மாதம் இருந்தார்கள். அந்த டிசம்பரில் முன்னாள் பிரதமர் அகமத் ஸோகு அவர்களைத் துரத்தி ஆட்சியைப் பிடித்தார். ஸோகுவைத் 'தியெல்லி'யில் கடுமையாகத் தாக்கி எழுதிய கொனிட்சா, 1926 முதல் அதே ஸோகுவின் தூதராக வாஷிங்டனில் பணியாற்றினார். இது எனக்கு இன்றும் உறுத்துகிறது. நாட்டுக்கு ஒரு தூதர் வேண்டும், தகுதியுள்ளவர் அவர் ஒருவரே என்று அவருக்காக வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதம் தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை; ஏற்கவும் மனம் வரவில்லை.

பெட்சி நாடு திரும்பாமல் 1932-ல் தெசலோனிக்கியில் இறந்தார். கொனிட்சா 1942-ல் வாஷிங்டனில் காலமாகி, பாஸ்டனில் ஃபாரஸ்ட் ஹில்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1990-களில் அவரது எலும்புகளைத் திரானாவுக்கு எடுத்துப் போனார்கள். 1965-ல் இறந்த நோலி அதே தோட்டத்தில் இன்னும் இருக்கிறார். உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரம் இருக்காது என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்