வி.ஆர். திரையும் தம்பியின் படிப்பும்

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ முடித்த மகன், பெரும் கட்டணம் கேட்கும் ஆறு மாத வி.ஆர். (மெய்நிகர் உலகைக் கண்முன் காட்டும் தொழில்நுட்பம்) சான்றிதழ்ப் பயிற்சியில்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்பதாகப் பாளையங்கோட்டையிலிருந்து எழுதியிருந்தீர்கள். அந்த அடத்தைவிட, கைப்பேசியில் தெளிவாகத் தெரியும் படம், தலையில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். ஹெட்செட்டில் மட்டும் ஏன் கொசுவலைக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் தெரிகிறது என்று அவர் உங்களிடம் கேட்ட கேள்வியையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

நல்ல பார்வையுள்ள கண், பார்வைக் கோணத்தின் ஒரு பாகைக்கு (டிகிரிக்கு) ஏறத்தாழ 60 பிக்சல் (திரையின் புள்ளிகள்) வரை பிரித்தறியும். அங்குலத்துக்கு 400 பிக்சல் உள்ள கைப்பேசியை 30 செ.மீ. தொலைவில் பிடித்தால், ஒரு பாகைக்குள் 80 பிக்சல் அடங்கிவிடுவதால் புள்ளிகள் தெரிவதில்லை. ஹெட்செட்டிலோ, கண்ணருகே இருக்கும் சிறு திரையை லென்ஸ் ஏறத்தாழ 90 பாகைக்கு விரித்துக் காட்டுகிறது. 2016-இல் வந்த ஓக்குலஸ் ரிஃப்ட் ஹெட்செட்டில் ஒவ்வொரு கண்ணுக்கும் 1080 × 1200 பிக்சல். பாகைக்குப் பன்னிரண்டு தேறினாலே அதிகம். 2023-இன் குவெஸ்ட் 3 ஹெட்செட், கண்ணுக்கு 2064 × 2208 பிக்சலுடன் பாகைக்கு 25-ஐத் தொட்டது. 2024-இல் வந்த ஆப்பிள் விஷன் புரோவில் இரு திரைகளுக்குமாக 2.3 கோடி பிக்சல்கள், ஒவ்வொன்றும் 7.5 மைக்ரான் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கண்ணாடித் தகட்டில் இவ்வளவு நுணுக்கம் கடினம் என்பதால், சிப் செய்யும் சிலிக்கான் மீதே, தானே ஒளிவிடும் ஓஎல்இடி அடுக்கை அமைக்கிறார்கள். அந்த விஷன் புரோவும் பாகைக்கு 60 பிக்சலை எட்டவில்லை. மேலும், நீள அகலத்தில் பிக்சலை இரட்டிப்பாக்கினால் கணினியின் கணக்கீட்டு வேலை நான்கு மடங்காகும் என்பதால், கண் நோக்கும் இடத்தை மட்டும் கூர்மையாக வரையும் உத்தியும் தேவைப்படுகிறது.

ஆகவே இது ஒளியியலும் குறைக்கடத்தி இயற்பியலும் கணினி வரைகலையும் கூடிய துறை. ஆறு மாதப் பயிற்சியில் பெரும்பாலும் விளையாட்டுகளும் வி.ஆர். காட்சிகளும் உருவாக்கப் பயன்படும் யூனிட்டி மென்பொருளைக் கையாளத்தான் கற்றுத்தருவார்கள். அதை விடுமுறையில் வீட்டிலிருந்தே இலவசமாகப் பழகலாம். பொறியியல் கலந்தாய்வில் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியின் இசிஇ (மின்னணுவியல், தகவல்தொடர்புப் பொறியியல்) பிரிவை முதல் விருப்பங்களில் வையுங்கள். பி.எஸ்சி. இயற்பியலும் குறைந்ததன்று, சேவியர் கல்லூரியில் படித்துவிட்டு ஜாம் என்னும் நுழைவுத் தேர்வெழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. சேரலாம், கொச்சிப் பல்கலைக்கழகத்தில் ஃபோட்டானிக்ஸ் (ஒளியைக் கையாளும் தொழில்நுட்ப அறிவியல்) படிக்கவும் வழியுண்டு.

வேலையைப் பற்றி ஒளிக்காமல் சொல்வதானால், இத்தகைய திரைகளின் உற்பத்தி பெரும்பாலும் கிழக்காசிய நாடுகளில்தான் நடக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெங்களூருவிலும் ஐதராபாத்திலும் மென்பொருள், சிப் வடிவமைப்பு வேலைகளே எளிதில் அமையும். கலந்தாய்வு முடிவுக்காகக் காத்திராமல், கலை அறிவியல் கல்லூரிக்கான விண்ணப்பத்தை இப்போதே போட்டுவையுங்கள்.