ஐரூல் எந்த டிஎம்எம்மில் ஓடுகிறது?

சுங்கை சிப்புட்டில் நம் பிள்ளைகள் பலர் இப்போது நெட்வொர்க் வேலையில் இருக்கிறார்கள். வரும் இணைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டியான எஃப்5 பிக்-ஐபி லோட் பேலன்சர் பற்றியும், அதில் நாம் எழுதி ஓட்டும் சிறு நிரலான ஐரூல் பற்றியும் அவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

அண்ணே, ஐரூலில் ஸ்டேட்டிக் மாறி ஒன்றை வைத்துக் கோரிக்கைகளை எண்ணினேன். 100 அனுப்பினால் லாக்கில் 23, 27, 24 என்று தாறுமாறாக வருகிறது. பெட்டி பழுதா?

பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. அதற்குள் டிராஃபிக்கைக் கையாளும் டிஎம்எம் என்ற நிரல்கள் பல தனித்தனியாக ஓடுகின்றன. பொதுவாக செயலியின் ஒரு கோருக்கு ஒன்று. வரும் இணைப்புகளை அவை பங்கு போட்டுக்கொள்கின்றன. ஸ்டேட்டிக் மாறி ஒவ்வொரு டிஎம்எம்மிலும் தனித்தனியாக இருக்கும்.

உன் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தை நினைத்துப் பார். விடியற்காலைப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்ததும் ஆளுக்கொரு மர நிரை, அவரவர் வாளியில் அவரவர் பால். ஒருவர் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு தோட்டத்துப் பாலே இவ்வளவுதான் என்று சொல்வாயா? ஸ்டோரில் நிறுத்தால்தான் தெரியும். இங்கே அந்த ஸ்டோர், டேபிள் கட்டளை. அதில் வைக்கும் எண்ணியை எல்லா டிஎம்எம்மும் பார்க்கும். கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனால் கணக்கு சரியாக இருக்கும்.

இந்தக் கோரிக்கையை எந்த டிஎம்எம் எடுத்தது என்று ஐரூலே சொல்லுமா?

சொல்லும். டிஎம்எம்::சிஎம்பி_யூனிட் என்ற கட்டளை அந்த எண்ணைத் தரும். எண் 0-இல் தொடங்கும், 1-இல் அல்ல. முதல் தடவை எல்லோரும் இதில் தடுக்கி விழுவார்கள். லாக் எழுதினால் இதுவும் தேவையில்லை. பெட்டியின் எல்டிஎம் லாக் கோப்பில் வரியின் தொடக்கப் பகுதியைப் பார், டிஎம்எம்2, டிஎம்எம்3 என்று அதுவே இருக்கும். நான் சோதிக்கும்போது பதிலின் ஹெடரில் எண்ணைச் செருகிவிடுவேன், வேலை முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுவேன்.

பிரவுசரில் எத்தனை தடவை ரிஃப்ரெஷ் செய்தாலும் 1 என்றே வருகிறதே?

பிரவுசர் பழைய இணைப்பையே வைத்துக்கொண்டிருக்கும். ஓர் இணைப்பு எந்த டிஎம்எம்மில் விழுந்ததோ, முடியும் வரை அங்கேதான். ஒவ்வொரு தடவையும் புது இணைப்பு திறக்கும் கர்ல் கட்டளையை இருபது தடவை தனித்தனியாக ஓட்டிப் பார், எண் மாறும்.

டேபிள் எதற்கு, குளோபல் மாறி போதாதா?

ஐயோ, வேண்டாம். ஐரூலில் குளோபல் மாறி இருந்தால், அது இணைந்திருக்கும் விர்ச்சுவல் சர்வரையே, அதாவது பெட்டியில் இணைப்புகள் வந்து சேரும் முகவரியையே, பிக்-ஐபி ஒற்றை டிஎம்எம்முக்கு இறக்கிவிடும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு கோர் கொதிக்க, மற்றவை தூங்கிக்கொண்டிருந்தன. இரண்டு நாள் டிராஃபிக் மேல் பழி போட்டோம். கடைசியில் பார்த்தால், யாரோ எப்போதோ எழுதிய ஒரே ஒரு குளோபல் வரி. ஸ்டேட்டிக் மாறி 10-ஆம் பதிப்பில் வந்ததே இதற்காகத்தான். மாறாத அமைப்புகளை அதில் வையுங்கள்.

அண்ணா, டிஎம்எம்::சிஎம்பி_கவுண்ட் கட்டளை மொத்த டிஎம்எம் எண்ணிக்கையைத் தருகிறதே. ஒன்றின் கணக்கை அதால் பெருக்கினால் மொத்தம் வராதா?

வராது, தங்கச்சி. எல்லா நிரையிலும் ஒரே அளவா பால் வடிகிறது?