சுகர் மெஷின் வாங்கும் முன் ஸ்ட்ரிப் விலையைக் கேளுங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. போன மாதம் இன்சுலின் ஆரம்பித்திருக்கிறார்கள், தினமும் வீட்டிலேயே சுகர் பார்த்து எழுதி வைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். மெடிக்கல் ஷாப்பில் 600 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய் வரை மெஷின் காட்டுகிறார்கள். எதை வாங்குவது? சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் அங்கிருந்து ஒன்று அனுப்புகிறேன் என்கிறான், அது நல்லதாக இருக்குமா? (வாசகி, அருப்புக்கோட்டை)

பதில்: கடைக்காரரிடம் முதலில் ஸ்ட்ரிப் (மெஷினில் சொருகி, ரத்தச் சொட்டைத் தொட வைக்கிற சின்னப் பட்டை) டப்பா விலையைக் கேளுங்கள், மெஷின் விலையை அப்புறம் பார்க்கலாம். மெஷின் ஒரு தடவை வாங்குவது. ஸ்ட்ரிப் மாதா மாதம் வாங்குவது, அதுவும் எந்த மெஷினோ அதற்கான ஸ்ட்ரிப்தான் அதில் வேலை செய்யும். தினம் இரண்டு தடவை என்றால் மாதத்துக்கு 60 ஸ்ட்ரிப். ஒன்று 20 ரூபாய் என்றால் மாதம் 1,200, வருடத்துக்கு 14,400 ரூபாய். அதே ஸ்ட்ரிப் 12 ரூபாய்க்குக் கிடைத்தால் வருடம் 8,640. ஸ்ட்ரிப் செலவுக்குப் பயந்து, பார்க்க வேண்டிய நாளில் பார்க்காமல் விட்டுவிடுகிற பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், இன்சுலின் போடுகிறவர்களுக்கு அது ரொம்ப ஆபத்து.

அடுத்தது, அந்த ஸ்ட்ரிப் உங்கள் ஊரில் இரண்டு மூன்று கடையிலாவது எப்போதும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆன்லைனில் மட்டும் கிடைப்பது என்றால், டப்பா காலியான அன்றைக்குக் கூரியர் வரும்வரை அம்மா காத்திருக்க முடியாது.

சிங்கப்பூர் மெஷின் வேண்டாம் என்றே சொல்வேன். அங்கே மில்லிமோல் கணக்கு, 7.8 என்று காட்டும். நம் ஊர் மில்லிகிராம் கணக்குக்கு அதை 18-ஆல் பெருக்கினால் 140. பெரும்பாலான மெஷின்களில் இதை மாற்றவும் முடியாது. ராத்திரி இரண்டு மணிக்கு வேர்த்துக் கொட்டி எழுந்து பார்க்கும்போது 3.6 என்று காட்டினால், அது 70-க்குக் கீழே, உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுக்க வேண்டிய நேரம் என்பது யாருக்குச் சட்டென்று புரியும்? அதற்கான ஸ்ட்ரிப்பையும் அண்ணன்தான் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

அம்மாவைக் கடைக்கே கூட்டிப் போங்கள். கண்ணாடி போடாமல் எண்ணைப் படிக்க முடிகிறதா, ஸ்ட்ரிப்பைத் தானே எடுத்துச் சொருக முடிகிறதா என்று பாருங்கள். அக்யூ-செக் இன்ஸ்டன்ட், கான்டூர் பிளஸ் இரண்டுக்கும் 0.6 மைக்ரோலிட்டர் ரத்தம் போதும், ஒன் டச் செலக்ட் பிளஸ் சிம்பிளுக்கு 1 மைக்ரோலிட்டர் வேண்டும். புது ஸ்ட்ரிப் டப்பா பிரிக்கும்போது மெஷினில் அதன் கோட் (code) எண்ணைப் போடுகிற வேலை மூன்றிலும் இல்லை. இந்த மூன்றில் எது வாங்கினாலும் தப்பில்லை, ஸ்ட்ரிப் விலையும் உங்கள் ஊர்க் கடையும் முடிவு செய்யட்டும். புளூடூத், ஆப் எல்லாம் அம்மாவுக்குத் தேவைப்படாது, ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

கேள்வி: மெஷினில் 168 காட்டுகிறது, அதே காலையில் லேபில் 151. மெஷின் கெட்டுப்போய்விட்டதா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: இல்லை. சுகர் மெஷின்களுக்கான சர்வதேசத் தர விதியான 2013-ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ 15197-படி, சுகர் 100-க்கு மேல் இருந்தால் நூற்றுக்கு 95 தடவை லேப் அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். 151-க்கு 15 சதவீதம் கிட்டத்தட்ட 23. உங்களுடையது 17 தான். ஒப்பிட்டுப் பார்ப்பதானால் வெறும் வயிற்றில், லேபில் ரத்தம் எடுக்கிற சில நிமிடத்துக்குள் விரலிலும் குத்திப் பாருங்கள். சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில் இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். ரத்தசோகை இருந்தாலும் மெஷின் கூட்டிக் காட்டும், ஹீமோகுளோபின் குறைவு என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வித்தியாசம் இதைவிட அதிகமாக இருந்தால் மெஷினைச் சந்தேகப்படும் முன் கையையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் பாருங்கள். எங்கள் வீட்டில் அம்மா மாம்பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு அப்படியே வந்து விரலைக் குத்தினார், 212. சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தால் 148! அப்பா விஷயத்தில் ஒரு வாரமே தப்பாகப் போனது, ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியைச் சரியாக அழுத்தாமல் அடுப்புப் பக்கத்து அலமாரியில் வைத்திருந்திருக்கிறார், சூடும் ஈரமும் சேர்ந்து எல்லா ஸ்ட்ரிப்பும் வீணாகி, கன்னாபின்னாவென்று காட்டிக்கொண்டிருந்தது. அந்த எண்களை நம்பி மாத்திரையைக் கூட்டுவதற்குள் புது டப்பா பிரித்தோம், சரியாகிவிட்டது. பிரிட்ஜிலும் வைக்காதீர்கள்.

கேள்வி: வாரத்துக்கு இரண்டு முறைதான் பார்க்கிறேன். 50 ஸ்ட்ரிப் டப்பா ஆஃபரில் வருகிறது, வாங்கலாமா? (வாசகர், ஓசூர்)

பதில்: டப்பா லேபிளைப் படியுங்கள். சில கம்பெனி ஸ்ட்ரிப்களைத் திறந்த மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும், சிலதை எக்ஸ்பைரி தேதி வரை வைத்துக்கொள்ளலாம். மூன்று மாதக் கணக்கு என்றால் உங்களுக்கு 26 தான் செலவாகும், மிச்சம் குப்பைக்குத்தான் போகும். 25 ஸ்ட்ரிப் உள்ள டப்பாவாக வாங்குங்கள், திறந்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.