படித்தது நிற்கவில்லை என்றால் விரல் ரேகை எடுக்கலாமா?

கேள்வி: குலசேகரம் பக்கம் இருக்கிறோம். கணவர் சவூதியில் வேலை. மகன் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தான். இப்போது பிளஸ் டூ, கூடவே காலையில் டியூஷன், சாயங்காலம் நீட் கோச்சிங், ராத்திரி பதினொன்று வரை எழுத்து. புத்தகத்தைத் திறந்தால் ஒரு பக்கம்கூட ஓடவில்லை, எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறான். ஒரு சென்டரில் விரல் ரேகை எடுத்து அவன் மூளை எப்படிப்பட்டது என்று ரிப்போர்ட் தருவார்களாம். எடுக்கலாமா? மார்க் வந்தால் பைக் வாங்கித் தருவதாக அவன் மாமா சொல்கிறார். அது சரியா?

பதில்: அம்மா, ரேகை எடுக்க வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள்.

ரேகையும் மூளையும் கருவில் ஒரே காலத்தில் உருவாகின்றன, அதனால் ஒன்றைப் பார்த்தால் மற்றது தெரியும் என்று அங்கே சொல்வார்கள். ரேகை கர்ப்பத்தின் ஆறாம் மாத வாக்கில் நிலைபெற்றுவிடும், பிறகு மாறாது. மூளையோ இருபது வயது தாண்டியும் மாறிக்கொண்டே இருக்கிறது. மாறாததை வைத்து மாறுவதை எப்படி அளக்க முடியும்? இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமே சொல்லிவிட்டது.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ரிப்போர்ட் அப்படியே பொருந்தியதே என்பீர்கள். பொருந்தத்தான் செய்யும். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்து, ஆளுக்கொரு குணக்குறிப்பு கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னதில் சராசரி 4க்கு மேல் வந்தது. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள். 'திறமை இருக்கிறது, முழுதாக வெளிவரவில்லை' என்று எழுதினால் எந்தத் தாய்தான் மறுப்பாள்? அதோடும் முடியாது. இடது பக்க மூளை பலவீனம் என்பார்கள், அதற்கு நினைவாற்றல் முகாம், முகாமுக்கு இன்னொரு கட்டணம். ஆள் சேர்த்து விடுகிறவருக்குக் கமிஷன். இவர்களுக்கு ஹால் திறந்துவிடும் பள்ளிகளைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

சரி, மகனுக்கு வருவோம். அவனுடைய கவனம் தொலைந்துபோகவில்லை, கவலையில் மாட்டிக் கிடக்கிறது. ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைக்க முடிவது மூன்று நான்கு விஷயங்கள்தான். 'சீட் கிடைக்காவிட்டால் அப்பா பாலைவனத்தில் படும் பாடு வீணாகுமே' என்ற நினைப்பு அந்த இடத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டால் கண் வரியில் ஓடும், உள்ளே ஒன்றும் ஏறாது. எரிச்சலும் அதனால்தான்.

பயம் கொஞ்சம் இருந்தால் நல்லதுதானே என்பார்கள். 1908இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் எலிகளுக்கு ஷாக் கொடுத்துப் பழக்கினார்கள். எளிய வேலையை எலிகள் பலமான ஷாக்கில் சீக்கிரம் கற்றன. கடினமான வேலையில், ஷாக் ஓரளவைத் தாண்டியதும் தடுமாறின. மனிதர்களிடமும் ஏறத்தாழ இதே போக்குதான். முற்றம் பெருக்க அதட்டல் உதவும், இயற்பியல் கணக்குக்கு உதவாது.

காலை ஐந்தரைக்கு டியூஷன், அப்புறம் பள்ளி, சாயங்காலம் கோச்சிங், ராத்திரி பதினொன்று வரை எழுத்து. இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். படித்தது மனதில் படிவதே தூக்கத்தில்தான் பெரும்பாலும் நடக்கிறது. மார்க் குறைந்தால் பெற்றோரைக் கூப்பிட்டு நிறுத்தத் தெரிகிற பள்ளிகளுக்கு, ஒரு ஆலோசகரை வைக்க மட்டும் தெரியவில்லை.

அதனால் முதலில் காலை டியூஷனை நிறுத்துங்கள். இருபத்தைந்து நிமிடம் படிக்கட்டும், மொபைல் வேறு அறையில் இருக்கட்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நின்றதைத் தாளில் எழுதட்டும். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட இப்படித் தன்னைத்தானே சோதித்துக்கொண்டால் ஒரு வாரம் கழித்தும் நினைவில் அதிகம் நிற்கும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி செய்த ஆய்வில் தெளிவாகத் தெரிந்தது இது.

பைக் வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவிடுங்கள். பெரிய பரிசு பெரிய பயத்தையும் கொண்டுவரும், அவன் மனதில் இடம் பிடிக்க இன்னொரு கவலை எதற்கு?

ஒரு விதிவிலக்கை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைபாடு உண்மையிலேயே உண்டு. ஆனால் அது பிளஸ் டூவில் திடீரென்று முளைக்காது. அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், வீட்டில் மட்டுமல்லாமல் பள்ளியிலும் தெரிந்திருக்க வேண்டும். சின்ன வகுப்பிலேயே டிபன் பாக்ஸையும் பென்சிலையும் தொலைத்தானா, கணக்கைப் பாதியில் விட்டானா, டீச்சர் குறை சொன்னாரா என்று யோசியுங்கள். புத்திசாலிப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு வரை இதைச் சமாளித்துவிடுவார்கள், பாடம் கூடும்போதுதான் வெளியே தெரியும். அதனால் நல்ல மார்க் எடுத்தவனுக்கு இது இருக்காது என்றும் சொல்லிவிட முடியாது. சந்தேகம் இருந்தால் பழைய ரேங்க் கார்டுகளோடு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டிவரும், ஆனாலும் போங்கள். தனியாரிடம் போனால், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவரிடம் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்பது போல அவன் ஒரு வார்த்தை பேசினால் எதற்கும் காத்திருக்காதீர்கள். அவனைத் தனியே விடாமல், அன்றைக்கே 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் எண் அது, இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.