மகளுக்குப் பேனிக் அட்டாக்: பள்ளிக்கு ஓடிப்போய்க் கூட்டி வரலாமா?

என் மகள் ஏழாம் வகுப்பு. பள்ளி திறந்ததிலிருந்து திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல் மரத்துப்போகிறது என்று அழுகிறாள். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். ‘பேனிக் அட்டாக்தான், பயப்படாதீங்க’ என்றார் டாக்டர். வீட்டுக்காரரோ ‘ஸ்கூலுக்கு மட்டம் போட நாடகம்’ என்கிறார். மாமியார் கண்ணு பட்டிருக்கு என்று சுற்றிப் போடுகிறார். கிளாஸ் டீச்சர் உடனே போன் போட்டு ‘வந்து கூட்டிட்டுப் போங்க’ என்பார், ஓடுவது நான்தான். வீட்டுக்காரர் ஒரு தரமாவது வந்து பார்த்தால்தானே நாடகமா இல்லையா என்று தெரியும்! கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை அடிக்கடி அவள் விரலில் மாட்டிப் பார்க்கிறேன், ராத்திரி தூங்கும்போதும். (என் தம்பி இருபத்திரண்டு வயதில் தூக்கத்திலேயே போய்விட்டான், காரணமே தெரியாமல். அது பழைய கதை, விடுங்கள்.) டீச்சருக்கும் வீட்டுக்காரருக்கும் எப்படிப் புரியவைப்பது?

அன்புச் சகோதரிக்கு,

‘விடுங்கள்’ என்றீர்களே, அதை விட முடியாது. தம்பி இறந்ததை டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே படுகிறது. நெருங்கிய ரத்த உறவில் இளவயதுத் திடீர் மரணம் என்றால் இதய மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும். ஈசிஜியில் க்யூடி இடைவெளியை (ஒவ்வொரு துடிப்புக்கும் இதயத்தின் மின்னோட்டம் எழுந்து அடங்க ஆகும் நேரம்) அளப்பார், எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம், ஓடும்போது மயங்கி விழுந்திருக்கிறாளா என்று கேட்பார். இந்த வாரமே போங்கள். அவர் ‘ஒன்றுமில்லை’ என்றால், ஆக்ஸிமீட்டர் அன்றே பீரோவுக்குள் போகட்டும்.

பேனிக்குக்கு ஆக்ஸிமீட்டரால் எந்தப் பயனும் இல்லை. பேனிக்கில் வேகவேகமாக மூச்சு விடும்போது குறைவது கரியமில வாயு. விரல் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும் அதனால்தான். ஆக்ஸிஜன் அப்படியே இருக்கும். மீட்டர் 98, 99 என்றுதான் காட்டும். நீங்கள் அந்த எண்ணைப் பார்க்கும்போது அவள் உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். அம்மாவே இத்தனை தரம் பார்த்தால் ஏதோ இருக்கிறது என்றுதானே அவளுக்குத் தோன்றும்?

‘நாடகம்’ என்பது தவறு. அவள் படும் அவஸ்தை நிஜம். ஆனால் பள்ளியை விட்டுக் கூட்டி வரக்கூடாது என்பதில் நான் உங்கள் வீட்டுக்காரர் பக்கம். படபடப்பு பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சிக்குப் போய், அரைமணிக்குள் தானாக இறங்கிவிடும். நடுவில் நீங்கள் போய் நின்றால் ‘அம்மா வந்ததால் பிழைத்தேன்’ என்று மனதில் பதிகிறது. படபடப்பு தானாக இறங்குவதை அவள் ஒரு தரம்கூடப் பார்க்காமலே போகிறாள்.

டீச்சரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: வகுப்புக்கு வெளியே உட்காரவைத்து, யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். மூக்கு வழியாக நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, வாய் வழியாக ஆறு எண்ணும்வரை விடட்டும். ‘நல்லா ஆழமா இழு’ என்று சொன்னால் படபடப்பு கூடும். மூக்கில் காகிதப் பை வைக்கும் பழைய வைத்தியமும் வேண்டாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அது ஆபத்து. இறங்கியதும் வகுப்புக்குத் திரும்ப வேண்டும், கடைசிப் பீரியட் ஆனாலும். வீட்டில் அமைதியான நேரத்தில் இதே மூச்சைப் பழக்கிவையுங்கள். பயம் ஏறிய பிறகு புதிதாக எதுவும் மண்டையில் ஏறாது.

இதற்குப் பிறகும் பள்ளிக்குப் போக மறுத்தால், நாள் கடத்தாமல் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இலவசம், தமிழில் பேசலாம். முதலில் உங்களுக்காகவே அந்த எண்ணைக் கூப்பிடுங்கள். தம்பியைப் பற்றி நீங்கள் யாரிடமும் உட்கார்ந்து பேசியதே இல்லை போலிருக்கிறது.