கொதித்தாலும் போகாத நஞ்சு: வாசகர் கேள்வி பதில்

கே: எங்கள் கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் ஆர்செனிக் இருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவைத்துக் குடித்தால் போதாதா?

ப: போதாது. கொதிக்க வைப்பது நிலைமையை இன்னும் மோசமாக்கும். கொதிநீரில் சாவது கிருமி. ஆர்செனிக்கோ தனிமம், சாவதற்கு அதில் உயிர் இல்லை, அந்தச் சூட்டில் ஆவியாகவும் செய்யாது. 10 லிட்டர் நீர் 8 லிட்டராகச் சுண்டினால் போனது 2 லிட்டர் நீர்தான். ஆர்செனிக் முழுவதும் பாத்திரத்திலேயே இருக்கும், அளவு லிட்டருக்கு 62.5 மைக்ரோகிராமாக ஏறிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 10. ஈயம், நைட்ரேட், புளூரைடு ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான்.

குளோரோஃபார்ம் போன்ற எளிதில் ஆவியாகும் பொருள்கள் வேறு ரகம். அவை கொதிக்கும்போது நீரை விட்டுப் போகும், ஆனால் அடுப்பங்கரைக் காற்றுக்குள்தான் போகும். அந்த மாதிரித் தண்ணீரைக் குடிக்காமலேயே, மூடிய குளியலறையில் வெந்நீர் ஷவரில் நின்று மூச்சு வழியாக உள்ளே இழுப்பதும் நடக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கே: பழைய தொழிற்கூடம் ஒன்றின் அருகே உள்ள ஆழ்துளைக் கிணறு. கிரீஸ் நீக்கப் பயன்பட்ட ட்ரைகுளோரோஎத்திலீன் அளவு வருடா வருடம் குறைந்துவருகிறது. இனிக் கவலை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

ப: அறிக்கையில் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டைகுளோரோஎத்திலீன், வினைல் குளோரைடு என்ற இரண்டு பெயர்களையும் தேடுங்கள். இல்லையென்றால் அவற்றையும் அளக்கச் சொல்லுங்கள்.

ஆக்சிஜன் இல்லாத நிலத்தடியில் சில நுண்ணுயிர்கள் ட்ரைகுளோரோஎத்திலீன் மூலக்கூறிலிருந்து குளோரின் அணுக்களை ஒவ்வொன்றாகக் கழற்றுகின்றன. மூன்று குளோரின் இரண்டாகும், இரண்டு ஒன்றாகும், கடைசியில் தீங்கற்ற எத்திலீன் மிஞ்சும். சிக்கல் நடுவழியில். ஒற்றைக் குளோரின் மிஞ்சிய வினைல் குளோரைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள். அமெரிக்கக் குடிநீர் விதிகளில் ட்ரைகுளோரோஎத்திலீனுக்கு வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம், வினைல் குளோரைடுக்கு 2 தான். இந்தக் கடைசிப் படிகளைக் கடக்கத் தெரிந்தவற்றில் முதன்மையானவை டீஹாலோகாக்காய்டீஸ் என்ற நுண்ணுயிர்க் குழுவின் சில வகைகள். அவை அந்த மண்ணில் இல்லையென்றால் நுண்ணுயிர்களுக்குத் தீனியாகச் சர்க்கரைப்பாகும் தாவர எண்ணெயும் எவ்வளவு ஊற்றி ஊட்டினாலும் வேலை பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும். தாய்ப்பொருள் குறைந்து அதைவிடக் கெட்ட பிள்ளை சேரும்.

இன்னொன்று. ட்ரைகுளோரோஎத்திலீன் திரவம் நீரைவிடக் கனமானது, ஒரு லிட்டர் சுமார் 1.46 கிலோ. சிந்தியது நீர்மட்டத்தோடு நிற்காமல் களிமண் அடுக்கு தடுக்கும்வரை கீழே இறங்கித் தேங்கும், அங்கிருந்து பல பத்தாண்டுகள் மெல்லக் கரைந்துகொண்டே இருக்கும். 5 மைக்ரோகிராம் கணக்கில் பார்த்தால் ஒரே ஒரு லிட்டர், சுமார் 29 கோடி லிட்டர் நீரை வரம்புவரை கெடுக்கப் போதும். பம்ப் வைத்து இறைக்கும்போது அளவு சட்டென்று விழுவதும், நிறுத்தினால் மறுபடி ஏறுவதும் இதனால்தான். களிமண்ணுக்குள் ஊறியது திரும்பக் கசிகிறது. பம்பை நிறுத்திச் சில மாதம் கழித்து எடுத்த அளவைத்தான் நம்புவேன்.

மாதிரி எடுப்பதில்தான் நிறைய அறிக்கைகள் கெட்டுப்போகின்றன. பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால்வாசி பிடித்து அனுப்பினால், பொருள் மேலே உள்ள காற்றுக்குப் போய்விடும். அறிக்கை ‘சுத்தம்’ என்று வரும். ஆய்வகம் தரும் 40 மில்லி கண்ணாடிக் குப்பியையே பயன்படுத்துங்கள். குழாய் வாயில் சல்லடை இருந்தால் கழற்றி, நீரை மெல்லிய தாரையாக, குமிழ் எழாமல் விடுங்கள். குப்பியில் முன்கூட்டியே அமிலம் இட்டிருப்பார்கள், அதனால் வழியவிடக் கூடாது. விளிம்பில் நீர் குவிந்து நிற்கும்போது மூடுங்கள். கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். பட்டாணி அளவுக் குமிழ் தெரிந்தால் அந்தக் குப்பியை ஒதுக்கிப் புதிதாக எடுக்க வேண்டும். பனிக்கட்டியில் வைத்து அனுப்பினால் 14 நாள் தாங்கும்.

கே: டிடிடி பூச்சிக்கொல்லியின் அரை ஆயுள் 10 ஆண்டு என்றால் 20 ஆண்டில் முழுவதும் போய்விடும்தானே?

ப: போகாது. இருப்பது பாதியாக ஆகும் காலம்தான் அரை ஆயுள். 20 ஆண்டில் பாதியில் பாதி, அதாவது கால்வாசி மிஞ்சும். 30 ஆண்டில் எட்டில் ஒரு பங்கு. ஆயிரத்தில் ஒரு பங்காக 10 அரை ஆயுள்கள் வேண்டும்.

அந்த 10 என்ற எண்ணும் கல்வெட்டு அல்ல. மண்ணில் டிடிடிக்கு 2 முதல் 15 ஆண்டுவரை சொல்கிறார்கள். சூடு, ஈரம், ஆக்சிஜன், மண்ணின் மட்கு எல்லாம் அதை மாற்றும். மேலும் ‘குறைந்தது’ என்பதில் அழிந்ததும் அடங்கும், ஆவியாகி ஊரைவிட்டுப் போனதும் அடங்கும். வெப்ப நாடுகளில் ஆவியாகிக் குளிர்ந்த இடத்தில் படிந்து, மறுபடி ஆவியாகி, இப்படித் தத்தித் தத்தி இந்த வகைப் பொருள்கள் ஒருபோதும் தெளிக்கப்படாத வட துருவப் பகுதிவரை போய்ச் சேர்ந்திருக்கின்றன.

சிதைந்த பங்கும் பெரும்பாலும் டிடிஇ ஆகிறது. பறவை முட்டை ஓடுகளை மெலியவைத்தது அதுதான். ஒரு பயன் உண்டு: மண் ஆய்வில் டிடிஇ மேலோங்கியிருந்தால் பழைய தெளிப்பு, டிடிடி மேலோங்கியிருந்தால் அண்மையில் எங்கிருந்தோ வந்தது என்று ஊகிக்கலாம்.

கே: மீனில் பாதரசம் இருக்கிறது என்கிறார்கள். தோலையும் கொழுப்பையும் நீக்கிச் சமைத்தால் போய்விடுமா?

ப: அது பழைய மின்மாற்றி எண்ணெயில் இருந்த பிசிபி போன்ற கொழுப்பில் கரையும் நஞ்சுகளுக்குப் பொருந்தும் யோசனை. அவற்றுக்குத் தோலை உரிப்பதும், கொழுப்பு வடியும்படி சுடுவதும் ஓரளவு உதவும். மீனில் இருக்கும் மெத்தில் பாதரசமோ தசைப் புரதத்தின் கந்தகத்தோடு பிணைந்திருக்கிறது. வெட்டி எறிய இடம் இல்லை, சமையல் சூட்டிலும் பிரியாது.

காற்றிலிருந்து நீரில் விழும் சாதாரணப் பாதரசத்தை இந்த வடிவுக்கு மாற்றுவது, அடிச்சேற்றில் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள். அதனால்தான் புதிதாக அணை கட்டி, செடிகொடிகள் மூழ்கி அழுகும் நீர்த்தேக்கங்களில், ஆலை எதுவும் இல்லாதபோதும் மீன்களில் பாதரசம் பல ஆண்டுகள் உயர்ந்து நிற்கும். (ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் கதை வேறு, அங்கே ஆலையின் வினைக்கலனிலேயே மெத்தில் பாதரசம் உருவாகிக் கழிவில் வந்தது.) செய்யக்கூடியது, மற்ற மீன்களைத் தின்னும் பெரிய மீன்களைக் குறைத்துச் சின்ன மீன்களைத் தேர்வது. உடலில் சேர்ந்தது பாதியாக ஏறத்தாழ 50 நாள் ஆகும். கருவுறத் திட்டமிடுபவர்கள் சில மாதம் முன்பே தொடங்கினால்தான் பலன்.

கே: பழைய பெயின்ட் உதிர்ந்து தோட்ட மண்ணில் ஈயம் கலந்திருக்கிறது. கிணற்றுக்கு இறங்குமா?

ப: பெரும்பாலும் இறங்காது. மட்கிலும் களிமண்ணிலும் ஒட்டிக்கொண்டு மேல்மண்ணின் சில அங்குலங்களிலேயே கிடக்கும். கடும் அமில மண்ணில்தான் நகரும். உங்கள் பயம் கிணறாக இல்லாமல், மண் ஒட்டி வாய்க்குப் போகும் குழந்தையின் கையாக இருக்கட்டும். வெறும் மண் தெரியாதபடி மூடுங்கள், கீரை, கிழங்கு பயிரிடாதீர்கள்.

கே: ஆர்செனிக் வடிகட்டியில் பிடிக்கும் திறன் தீர்ந்துபோன இரும்புத் துகள்களை எங்கே கொட்டுவது?

ப: உரக்குழியிலோ குட்டையிலோ கொட்டாதீர்கள், நல்லெண்ணத்தோடு பலர் செய்யும் தவறு அது. ஆர்செனிக்கைப் பிடித்து வைத்திருப்பது துருப்பிடித்த இரும்பு. அழுகும் கழிவு ஆக்சிஜனைத் தின்றுவிட்டால் நுண்ணுயிர்கள் அந்தத் துருவைக் கரைக்கும், பிடிபட்ட ஆர்செனிக் விடுபடும். வங்கப் படுகையின் நிலத்தடி நீரில் ஆர்செனிக் வந்ததும் பெரும்பாலும் இதே வேதியியலால்தான். பாஸ்பேட் உரம் பட்டாலும் ஆர்செனிக்கைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் பாஸ்பேட் உட்காரும். மழை படாத இடத்தில், உலர்வாக, மூடிய கலத்தில் சேர்த்து வைத்து அபாயக் கழிவாக ஒப்படையுங்கள்.